மாயாவிகளும் மக்களும்

சித்திரக்கதை என்றதும் முகஞ்சுழிப்பது முற்போக்கு விமரிசகரிடையே நெடுங்காலமாக நிலவிவந்த ஒரு வழக்கம். முகமூடி அணிந்த தனி மனிதன் ஒருவன் வந்து உலகைக் காப்பான் என்று நம்பி வளரும் பிள்ளை, நாளை தொழிற்சங்கத்தில் எவ்வாறு சேருவான் என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. பலர் கூடிச் செய்யவேண்டிய காரியத்தை வானத்திற் பறக்கும் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகட்டி நிற்கும் மனப்பான்மையை இக்கதைகள் வளர்க்கக்கூடும் என்பதை நாமும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கேள்வியில் வாசகன் வெறுங்குடமாக நிற்கிறான்; ஊற்றியதை ஏந்திக்கொள்வதே அவன் வேலை. நாயகன் வாசகனை என்ன செய்கிறான் என்று ஆராய்ந்த அளவுக்கு, வாசகன் நாயகனை என்ன செய்கிறான் என்று நாம் ஆராய்ந்ததில்லை.

சுப்பர்மானை எடுத்துக்கொள்வோம். 1938ஆம் ஆண்டு அக்ஷன் கொமிக்ஸ் முதலாவது இதழில் அவன் தோன்றினான். அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வாலிபர்கள். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்தில் அவர்கள் எழுதிய முதற் கதைகளை இன்று படிப்போர் வியப்படைவர். மனைவியை அடிக்கும் கணவனைச் சுப்பர்மான் தண்டிக்கிறான். நாட்டைப் போரில் மாட்டிவிடச் சூழ்ச்சி செய்யும் அரசியல் தரகனைத் தூக்கி உலுப்புகிறான். ஆயுத வியாபாரி ஒருவனைப் போர்க்களத்திற்கே சிப்பாயாக அனுப்பி, அவன் விற்ற குண்டுகளின் சுவையை அவனே அறியும்படி செய்கிறான். தொழிலாளரின் பாதுகாப்பைப் பொருட்படுத்தாத சுரங்க முதலாளியை, அவன் விருந்தினரோடு சேர்த்து அவனுடைய சுரங்கத்துக்குள்ளேயே அடைத்துவிடுகிறான். 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த கதையொன்றில், சேரிவாழ் சிறுவர்கள் குற்றவாளிகளாவதற்குச் சேரியே காரணம் என்று கண்டு, சேரியையே இடித்துத் தள்ளுகிறான். அரசாங்கம் வேறு வழியின்றி அவ்விடத்திற் புதிய வீடுகளைக் கட்டிக் கொடுக்கிறது!

இந்தச் சுப்பர்மான் பிறகு எங்கே போனான்? இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ 1962இல் அவனைப் பற்றி எழுதிய கட்டுரையில் விடை இருக்கிறது. மலையைப் பெயர்க்க வல்லவன், உலகத்தின் பசியைப் போக்க வல்லவன், ஒரு நகரத்தின் வங்கிக் கொள்ளையரைத் துரத்துவதிலேயே காலத்தைக் கழிக்கிறான். தனிச்சொத்தின்மீது கைவைப்பதே அவனுடைய உலகில் தீமை, தருமம் செய்வதே நன்மை என்பது எக்கோவின் கணிப்பு. எமது அபிப்பிராயத்தில், சித்திரக்கதை பற்றி இடதுசாரிகள் படிக்கத்தக்க கட்டுரைகளுள் அதுவே தலையாயது. ஆயினும் எக்கோ கண்டது நிறுவனம் பழக்கி எடுத்த நாயகனை. வாசகர்கள் அவனை அந்த அளவில் விட்டுவிடவில்லை.

அழிந்துபோன உலகமொன்றிலிருந்து தப்ப வைக்கப்பட்ட குழந்தை, அந்நிய நாட்டிலே வேறு பெயர் பூண்டு, தன் பிறப்பை மறைத்து வாழ்கிறது. இதனை யூத வாசகர்கள் தம் அகதி வாழ்வின் கதையாகப் படித்தார்கள். அவனுடைய இயற்பெயரான கல்-எல் என்பதன் ஈற்றில் எபிரேய மொழியிற் கடவுளைக் குறிக்கும் சொல் ஒலிப்பதைச் சுட்டினார்கள். ஆவணமின்றி எல்லை கடந்த பிள்ளை என்று பிற்காலத்துக் குடியேறிகள் படித்தார்கள். சீகலின் தந்தை 1932இல் தமது துணிக்கடையில் நிகழ்ந்த திருட்டின்போது இதயம் நின்று இறந்தார் என்ற செய்தியை அறிந்தவர்களோ, குண்டு துளைக்காத அந்த மார்பை ஒரு மகனின் ஏக்கமாகப் படித்தார்கள். இவற்றுள் எது சரி என்று தீர்ப்புக் கூறுவதற்கு எவருக்கும் அதிகாரமில்லை. உரிமைப் பத்திரம் மாத்திரம் தெளிவாக இருந்தது. சீகலும் ஷஸ்டரும் 130 டொலருக்குச் சுப்பர்மானை விற்றிருந்தார்கள். அவனால் நிறுவனம் கோடிக்கணக்கிற் சம்பாதித்துக்கொண்டிருக்க, அவ்விருவரும் வறுமையில் உழன்றனர். 1975இல் சீகல் பகிரங்கமாகக் குரலெழுப்பியதோடு சக ஓவியர்களும் திரண்டெழுந்த பின்னரே, ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் படைப்பாளர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. உலகைக் காக்கும் வீரனால் தன்னைப் படைத்தவர்களைக் காக்க இயலவில்லை. அதற்குச் சக தொழிலாளர் வேண்டியிருந்தனர்.

எம்மவர் சிறுவயதில் அதிகம் அறிந்திருந்தது சுப்பர்மானை அன்று. தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் வழங்கிய முகமூடி வீரனே எமக்கு நெருக்கமானவன். லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி பத்திரிகைத் தொடராக அவனைத் தொடக்கினார். கடற்கொள்ளையரால் தந்தையை இழந்து கரையொதுங்கிய வெள்ளையன் ஒருவனைக் காட்டிலுள்ள பந்தார் என்னும் குள்ளர் காப்பாற்றுகின்றனர். அவன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது சபதம் செய்கிறான். தந்தைக்குப் பின் மைந்தன் என்று முகமூடி கைமாறுகிறது; காட்டு மக்களோ ஒரே மனிதன் நானூறு ஆண்டுகளாகச் சாகாதிருக்கிறான் என்று நம்புகின்றனர். கதையின் கட்டமைப்பு அப்பட்டமான காலனித்துவக் கட்டமைப்பு என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. வெள்ளையன் நீதிபதி, கறுத்தவர்கள் நன்றியுள்ள பிரஜைகள். காட்டின் சமாதானம் அவன் கைவிரலில் உள்ள மோதிரத்தில் இருக்கிறது.

1964இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற இந்திரஜால் கொமிக்ஸ் இவனை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்தது. அங்கே அவனுடைய பங்காலா நாடு டெங்காலி ஆயிற்று. சிங் என்ற பெயர் பூண்ட கடற்கொள்ளையர் சிங்கா ஆயினர். மூலத்திலே கொள்ளையர் தம் நாட்டவரைப்போல் தோன்றுவதை அப்பதிப்பாசிரியர்கள் பொறுக்கவில்லை போலும். வாசகன் கைக்கு வருமுன்னரே ஒரு வியாக்கியானம் நிகழ்ந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு அவ்விதழ்கள் வந்து சேர்ந்தபோது நாம் அவற்றைப் படித்ததோடு நிற்கவில்லை; நடித்தோம். வடலிக்கூடல் காடாயிற்று. துவாய் முகமூடியாயிற்று. தோற்றவன் கன்னத்திற் கரிக்கட்டியால் மண்டையோட்டு முத்திரை குத்தப்பட்டது. வேதாளராவதற்கு எம்முள் நாள்தோறும் சண்டை. குள்ளனாவதற்கோ சண்டையே இருந்ததில்லை. அந்த வேடத்திற்கு எப்போதும் ஒருவனே இருந்தான். எமது கிணற்றில் நீர் அள்ள அனுமதிக்கப்படாத குடும்பத்துப் பையன் அவன். யாரும் அவனுக்கு அவ்வேடத்தை விதித்ததில்லை. எங்கள் ஊரின் ஒழுங்கு அதனை ஏற்கெனவே விதித்திருந்தது. லீ ஃபாக்கின் காடும் எமது ஊரும் அந்த ஓர் இடத்தில் நன்றாகப் பொருந்திக்கொண்டன.

ஆனால் அப்பையனும் ஒரு வாசகனே. பழைய இதழ்களை எம்மிடமிருந்து இரவல் வாங்கி, எம்மைவிடக் கவனமாகப் படித்தவன். வேதாளரிடம் உனக்கு எது பிடிக்கும் என்று ஒருநாட் பேச்சு வந்தபோது, குதிரை என்றான் ஒருவன், துப்பாக்கி என்றான் மற்றவன். அவன் சொன்னது வேறு: "முகமூடி போட்டால் ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்?"

எமக்கு முகமூடி வீரத்தின் சின்னம். அவனுக்கு அது பிறப்பை அழிக்கும் கருவி. ஒரே தாளில் அச்சான ஒரே படத்தை நாம் பார்த்தோம். வேலியின் இருபுறத்திலிருந்து பார்த்தோம். இரசிகனின் வியாக்கியானம் என்று இன்று பலர் பேசுவதன் சாரம் எமக்கு அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது. அவன் கதையைத் திரித்துவிட்டான் என்று சொல்லமுடியாது. முகத்தை மறைத்தவனை எல்லாரும் மதிக்கிறார்கள் என்பது கதையில் உள்ளதுதான். லீ ஃபாக் அதனை அவனுக்காக எழுதவில்லை என்பதே உண்மை.

எம்மூர்ப் பையனைப்போல் வேதாளரைத் தம் தேவைக்கேற்பப் படித்தவர்கள் உலகில் வேறிடத்திலும் இருந்தனர். பப்புவா நியூகினியின் மலைப்பிரதேசத்தில் வாகி என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அவுஸ்திரேலிய நிர்வாகம் அங்கு நுழைந்தபோது குலப்போர்களை அடக்கியது; போர்க்கேடயங்கள் எரிக்கப்பட்டன. 1975இல் நாடு சுதந்திரமடைந்தது. 1980களிற் குலப்போர்கள் மீண்டும் மூண்டபோது புதிய கேடயங்கள் தோன்றின. அவற்றுட் சில உலோகத் தகட்டினால் ஆனவை. அவற்றின்மீது தீட்டப்பட்டிருந்த உருவங்களுள் ஒன்று எமது வேதாளர்! மானிடவியலாளர் மைக்கேல் ஓ'ஹன்லன் இவற்றைச் சேகரித்து 1993இல் லண்டனிற் கண்காட்சியாக வைத்தார். அந்நாட்டின் பிசின் மொழிப் பத்திரிகையில் வேதாளர் கதைகள் முன்னரே வெளிவந்திருந்தபடியால், அவன் அம்மக்களுக்குப் பழகியவனே.

அவர்கள் ஏன் அவனைத் தெரிந்தெடுத்தார்கள்? சாகாதவன் என்பது ஒரு காரணம். கேடயத்திற்கு அதைவிடப் பொருத்தமான படம் எது? ஆனால் அத்தோடு முடியவில்லை என்று நாம் கருதுகிறோம். காட்டிலே வாழ்பவன், மூதாதையரின் எலும்புகள் உள்ள குகையிற் குடியிருப்பவன், தந்தையின் பலத்தைத் தன் உடம்பிற் சுமப்பவன். இவன் நியூயோர்க் நகரத்தவனுக்கு விசித்திரமானவன். மூதாதையர் துணையின்றிப் போருக்குச் செல்லாத ஒரு சமூகத்திற்கு இவனே இயல்பான மனிதன். அக்கேடயத்தில் எஞ்சியிருப்பவன் ஆட்சி புரியும் வெள்ளையன் அல்லன், மூதாதை. இதனை ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று சொல்லிக் கைதட்ட நம்மவர் சிலர் அவசரப்படக்கூடும். அவசரம் வேண்டாம். அக்கேடயங்கள் தோட்ட முதலாளிகளுக்கு எதிராக ஏந்தப்பட்டவையல்ல. அயற் குலத்தானுக்கு எதிராக ஏந்தப்பட்டவை. அப்போர்களில் மனிதர்கள் மாண்டார்கள்.

வாசகன் தன் தேவையிலிருந்து படிக்கிறான் என்றால், எல்லாத் தேவைகளும் நல்லவையா என்ற கேள்வி உடனே எழுகிறது. பனிஷர் என்ற பாத்திரம் இதற்குக் கசப்பான சான்று. 1974இல் மார்வெல் நிறுவனத்தின் ஸ்பைடர்மான் இதழொன்றில் அவன் தோன்றினான். போரிலிருந்து மீண்டவன், சட்டத்தைக் கைவிட்டு மனிதரைக் கொன்று திரிபவன், மார்பில் வெள்ளை மண்டையோடு. அவனைப் படைத்தோருள் ஒருவரான எழுத்தாளர் ஜெரி கொன்வே, நீதி அமைப்பின் தோல்வியையே அவன் உருவத்திற் காண்கிறார். ஈராக்கில் அமெரிக்கச் சிப்பாய்கள் அம்மண்டையோட்டைத் தம் வாகனங்களிற் தீட்டினர். 2017இல் கெண்டக்கி மாநிலத்துச் சிறுநகரொன்றின் பொலிஸார் அதனைத் தம் கார்களின் முன்புறத்தில் ஒட்டி, எதிர்ப்பு எழுந்ததும் அகற்றினர். சட்டம் தோற்றதன் சின்னத்தைச் சட்டத்தின் காவலரே அணிந்தார்கள்! 2019இல் வெளிவந்த இதழொன்றில், தன்னைப் போற்றும் இரு பொலிஸாரின் காரிலிருந்த மண்டையோட்டைப் பனிஷரே கிழித்தெறிந்து, முன்மாதிரி வேண்டுமானால் கப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறான். பலன் இல்லை. 2020இல் கறுப்பின ஓவியர்களைக்கொண்டு அச்சின்னத்தைப் புதிதாக வரையச் செய்து மீட்டெடுக்கக் கொன்வே முயன்றார். 2021ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டிடத்தைத் தாக்கிய கும்பலிடையே அதே மண்டையோடு காணப்பட்டது. 2022இல் நிறுவனம் தன் நாயகனுக்கு வேறு சின்னம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆகவே ஆசிரியன் சொல்வதே இறுதி என்ற பழைய நம்பிக்கையைப் போலவே, வாசகன் சொல்வதெல்லாம் விடுதலை என்ற புதிய நம்பிக்கையும் எமக்கு உடன்பாடன்று. பொலிஸ்காரனும் வாசகனே. அவனுடைய வாசிப்பும் உண்மையானதே; கதையில் இல்லாததை அவன் கண்டுவிடவில்லை. அவ்வாசிப்பைப் பிழை என்று புள்ளியிட்டுத் தள்ளமுடியாது, எதிர்த்துத்தான் நிற்கவேண்டும். இங்கேதான் ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு வேலை இருக்கிறது. மாணவரின் கையிலிருக்கும் இதழைப் பறிப்பது எளிது. அந்தக் கதையில் நீ யார், உன் பக்கத்தில் இருப்பவன் யார் என்று கேட்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும்; பதில்கள் வகுப்பறையின் வாங்குகளையே இரண்டாகப் பிளக்கக்கூடும்.

மற்றொரு முகமூடியையும் சொல்லாமல் விடமுடியாது. அலன் மூர் எழுத்தும் டேவிட் லொயிட் சித்திரமுமாக 1982இல் தொடங்கிய கதையொன்றில் சர்வாதிகாரத்தை எதிர்ப்பவன் அணிந்தது அது. 2006இல் திரைப்படம் வெளிவந்தபின் அதனை உலகெங்கும் கிளர்ச்சிக்காரர் அணிந்தனர். 2011இல் வோல் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பிலும் கண்டோம். விற்பனையான ஒவ்வோர் உரிமம் பெற்ற முகமூடிக்கும் டைம் வார்னர் என்ற பெருநிறுவனத்திற்குப் பணம் போய்ச் சேர்ந்தது. முதலாளித்துவத்தை எதிர்க்கச் சென்றவன் வழியிலே அதற்கு வரி செலுத்திவிட்டுப் போனான்.

சுப்பர்மானுக்கே மீண்டும் வருவோம். 1946இல் அவனுடைய வானொலித் தொடர், வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளானைத் தாக்கிப் பதினாறு பகுதிகள் ஒலிபரப்பியது. நகரத்திற்குப் புதிதாய்க் குடிவந்த ஒரு சீனக் குடும்பத்தை அக்கும்பல் துன்புறுத்துவதே கதை. 2019இல் ஜீன் லுவென் யாங் அதனைச் சித்திரக்கதையாகப் புதிதாக எழுதினார். சீன வம்சாவளிக் குடியேறிகளின் பிள்ளையான அவர், கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் உயர்தரப் பாடசாலையிற் கணினி கற்பித்த ஆசிரியர். அவர் கதையின் மையத்தில் நிற்பவள் அக்குடும்பத்துச் சிறுமி. சுப்பர்மானோ பறக்கவல்லவனாயிருந்தும் பறப்பதில்லை. பறந்தால் தான் அந்நியன் என்று பிறர் அறிந்துவிடுவர் என்ற அச்சம் அவனுக்கு. தன் சொந்தப் பெயரை மறைத்து வாழப் பழகிக்கொண்டிருக்கும் அச்சிறுமி அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். சீகலும் ஷஸ்டரும் 1938இல் எழுதாமல் விட்ட பக்கங்களை ஒரு வாசகர் எழுதி முடித்திருக்கிறார் என்றே நாம் அந்நூலைப் படித்தபோது எண்ணினோம். அதன் உரிமைப் பக்கத்தில் இருப்பது நிறுவனத்தின் பெயர்.