திருத்திய பாடமும் திருத்தாத பாடமும்

தமிழ் படித்தவர்களுக்குப் பாடபேதம் என்ற சொல்லைக் கேட்டாலே நாவூறும். ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னோர் ஏட்டில் அதற்கு மாறான வேறொரு சொல். இரண்டில் எது மூலம் என்று ஆராய்வதில் ஒரு பருவமே கழிந்துவிடும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நம் குரல் தானாகவே உயர்ந்துவிடும். மாணவர்கள் இதைக் கவனித்துத் தமக்குள் சிரித்துக்கொள்வதும் நமக்குத் தெரியும். அந்தச் சுவைதான் ஒருநாள் நம்மைத் தலைகுனிய வைத்தது. அதற்குக் களமானது ஏடன்று. ஓர் இணைய விளையாட்டு.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு கதைமாந்தரை எடுத்துக்கொண்டு, அவர் வாயால் பேசி, அவர் கையால் செயல்பட்டு, கூட்டாக ஒரு கதையை நடத்திச் செல்வது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இதற்குப் பெயர் பெற்ற முன்னோடி. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்ற விளையாட்டு, எழுத்தாலேயே ஆடும் வழியைக் கணினிக்குள் கொண்டுவந்தது. இவற்றின் தூரத்து உறவுதான் ஒருவர் ஓர் இடுகை எழுத, அதைப் படித்து அடுத்தவர் தம் இடுகையை எழுதும் முறை. அவசரமில்லாத ஆட்டம் இது. எழுத்தில் ஆசை உள்ளவர்களை விரைவில் பிடித்துக்கொள்ளும்.

2020இல் ஊரடங்கு வந்து கல்லூரிகள் பூட்டப்பட்டபோது நம் மாணவர் சிலர் இத்தகைய ஆட்டமொன்றைத் தமிழில் தொடங்கினார்கள். கற்பனையான ஒரு துறைமுகப் பட்டினம், பாத்திரங்கள் ஒன்பது. சுங்கக் காவலன், உப்பு வணிகன், ஊர் ஊராய்த் திரியும் பாணன், ஓடாவியின் மகள் என்று ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். (மரக்கலம் கட்டும் தச்சருக்குக் கடற்கரையில் ஓடாவி என்று பெயர். அச்சொல்லை அவர்கள் தேடிப் பிடித்துப் பயன்படுத்தியதில் நமக்கு இருந்த பெருமையை இங்கே மறைப்பானேன்!) நாம் ஆடவில்லை, படித்தோம். நம்மைப் போல் படிப்பவர் பெருகவே, சனிக்கிழமை மாலைதோறும் காணொளியில் கூடி அந்த வாரத்து ஆட்டத்தைப் பேசுவது வழக்கமாயிற்று.

ஓடாவியின் மகளை ஏற்று ஆடியவர் முதுகலை முதலாண்டு மாணவி. ஒரு வாரம் அவர் எழுதிய இடுகை நம்மை உலுக்கிவிட்டது. தந்தை விஷக்காய்ச்சலில் ஊருக்கு வெளியே குடிசையில் கிடக்கிறார். மகள் வாசலுக்கு அப்பால் நிற்கிறாள். உள்ளே போக அனுமதியில்லை. இருமல் ஓசை மட்டும் கேட்கிறது. நள்ளிரவில் அவளுக்கு ஓர் எண்ணம் எழுகிறது: இன்றிரவே முடிந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த எண்ணத்தை அவள் மறுக்கவுமில்லை, அதற்காக அழவுமில்லை. அவ்வளவுதான் இடுகை. நாம் உடனே அதை நகலெடுத்து வைத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடம் மாறியிருந்தது. தந்தைக்குக் காய்ச்சலே இல்லை. கப்பலுக்குத் தேக்கு வாங்க மலையாளக் கரைக்குப் போய்விட்டார். இதற்குள் சுங்கக் காவலனாக ஆடிய மாணவர் பழைய இடுகைக்கு மறுமொழியாகத் தம் பகுதியை எழுதிவிட்டிருந்தார். காவலன் விதியை மீறி, இருட்டில், குடிசையை நோக்கிக் கஷாயம் கொண்டு போகிறான். இப்போது பாவம், மரம் வாங்கப் போனவருக்காக இவன் கஷாயச் சட்டியைச் சுமந்து நின்றான்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். காவலனாக ஆடியவருக்கு உள்ளபடியே வருத்தம் இருந்தது, அது நியாயமும்கூட. இத்தகைய ஆட்டத்தில் ஒருவர் எழுத்தின்மேல் இன்னொருவர் எழுத்து நிற்கிறது. அடிக்கல்லைச் சொல்லாமல் உருவினால் மேலே உள்ளவர் விழுவார். எழுத்துப் பிழையைத் திருத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிகழ்ச்சியையே மாற்றுவதானால் உடன் ஆடுபவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மறுமொழி வந்த பிறகு மாற்றுவதானால் அவர் சம்மதமும் வேண்டும். பகடை உருட்டி ஆடும் ஆட்டமென்றால் விழுந்த எண்ணில் கைவைக்கவே கூடாது. நேரில் கூடி ஆடும்போது, “இல்லையில்லை, மாற்றிச் சொல்கிறேன்” என்றால் சிரிப்போடு முடிந்துவிடும். காற்றில் போன பேச்சுக்குத் தடயமில்லை. எழுத்துக்குத் தடயம் உண்டு. அத்தடயம் யாரோ ஒருவர் கையில் நகலாக இருக்கவும்கூடும்.

அந்த யாரோ ஒருவர் அன்று நாமாக இருந்தோம்.

“பழைய பாடம் நம்மிடம் இருக்கிறது” என்று பெருமிதத்தோடு அறிவித்தோம். திரையில் முகங்கள் நிமிர்ந்தன. வகுப்பில் செய்யுள் படிக்கும் குரலில் முழுவதையும் வாசித்தோம். நள்ளிரவு எண்ணம் வரும் இடத்தை இருமுறை வாசித்தோம். பிறகு புதிய பாடத்தைப் படித்து இரண்டையும் ஒப்பிட்டோம். முன்னது நெருப்பு, பின்னது சாம்பல் என்றெல்லாம் சொன்னதாக நினைவு. கடைசியில் மாணவியின் பெயரைச் சொல்லி, “ஏனம்மா மாற்றினாய்? துணிவு போதவில்லையா?” என்று கேட்டோம். அவர் பெயர் எழுதிய கறுப்புக் கட்டத்திலிருந்து பதில் வரவில்லை. சற்று நேரத்தில் அந்தக் கட்டமும் மறைந்தது. இணைப்பு அறுந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டு வாரம் ஓடாவியின் மகள் பேசவில்லை. பிறகு நாமே தொலைபேசியில் அழைத்தோம். நலம் விசாரித்தபோது, தம் தந்தை மருத்துவமனையில் இருந்ததாகவும் முந்தைய நாள்தான் வீடு திரும்பியதாகவும் சொன்னார். அப்போதும் நமக்கு முழுதும் உறைக்கவில்லை.

“அன்றைக்கு நீங்கள் வாசித்தபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது ஐயா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.”

“அம்மா ஏதும் சொன்னார்களா?”

“ஒன்றும் சொல்லவில்லை ஐயா. எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.”

மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை ஐயா” என்றார். ஆசிரியரிடம் மாணவர் சொல்லும் ‘பரவாயில்லை’க்கு என்ன பொருள் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே.

அதற்குப் பிறகு நாம் நெடுநாள் யோசித்தது ஏட்டுப் பாடத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். புறநானூற்றுப் புலவரிடம் போய் ‘ஏன் இச்சொல்?’ என்று கேட்க முடியாது. ஆகவே ஏடுகளைக் கேட்கிறோம். இங்கே எழுதியவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு நகலைக் கேட்டோம். மேலும், பழைய உரையாசிரியர்களிடமே நாம் கற்றிருக்க வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. பரிமேலழகர் தமக்கு உடன்பாடில்லாத பாடத்தையும் உரையையும் மறுக்கும்போது, அவ்வாறு கொள்வாரும் உண்டு என்ற அளவில் பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார். ஆளைப் பெயர் சொல்லி இழுப்பதில்லை. ஆண்டுதோறும் இதைப் பாடமாக நடத்தும் நாம்தான் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்துத் துணிவு போதவில்லையா என்று கேட்டோம். மகளாக ஆடியவருக்கும் அந்த மகளுக்கும் நடுவே இருக்கும் திரையை விலக்கக் கூடாது என்பது இவ்வாட்டத்தின் அரிச்சுவடி. பாத்திரம் கோழை என்று சொல்லலாம். ஆடுபவரைச் சொல்ல நமக்கென்ன உரிமை?

பழையதைப் பேசவே கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். பேசலாம். டோல்கீன் 1937இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ நூலில் கோல்லம் தன் மோதிரத்தையே பந்தயப் பரிசாக வைப்பான். தோற்றபின் அதைக் கொடுக்க முடியாமற் போனதற்கு வருந்தி வழிகாட்டவும் செய்வான். பின்னால் எழுதிய பெருங்கதைக்கு இது ஒத்துவரவில்லை. 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வதிகாரம் மாறியது; கோல்லம் வஞ்சகனானான். ஆனால் பழைய பதிப்பைப் படித்தவர்களை டோல்கீன் நடுத்தெருவில் விடவில்லை. பழைய வடிவம் பில்போ தன் தோழர்களுக்குச் சொன்ன பொய் என்று, 1954இல் வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகத்தின் முகவுரையில் கதைக்குள்ளேயே அதற்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டார். அவ்விரு வடிவங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு மகிழலாம். இரண்டும் ஆசிரியர் சம்மதத்தோடு அச்சேறி உலகுக்கு வந்தவை. இரண்டு நாள் மட்டும் இருந்து எழுதியவராலேயே விலக்கிக்கொள்ளப்பட்ட இடுகை அத்தகையதன்று. அதைப் பற்றிப் பேசுமுன் எழுதியவரிடம் தனியே கேட்டிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு. அது கூட நமக்குத் தோன்றவில்லை.

காவலனின் கஷாயச் சிக்கலை அவ்விருவருமே தீர்த்துக்கொண்டார்கள். அவன் கொண்டுபோனது பாணனுக்கு என்று ஆயிற்று. பாணனாக ஆடியவர் மனமுவந்து ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். ஆட்டம் 2021 இறுதிவரை நடந்தது. சனிக்கிழமைகளில் நாம் குறைவாகப் பேசினோம். திருத்தப்பட்ட இடுகை வந்தால் திருத்தத்தையே படித்தோம்.

நகலை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. ஒரு பாடத்தைக் கைதவறியும் அழிக்கக் கூடாது என்று பழகிய கை. திறந்தும் பார்க்காமல் கணினியின் ஒரு மூலையில் கிடக்க விட்டோம். 2023இல் ஒரு பிற்பகல் அந்த மாணவியிடமிருந்து செய்தி வந்தது. அப்போது அவர் ஒரு பள்ளியில் ஆசிரியர்.

“ஐயா, நான் மாற்றிவிட்டேனே, அந்தப் பழைய பகுதி, அது உங்களிடம் இன்னும் இருக்கிறதா?”

இருக்கிறது என்று எழுதி, உடனே அனுப்பினோம். எதற்கென்று கேட்கவில்லை.