ரொக்கம் அங்கே... நோட்டு இங்கே!

உத்திரமேரூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்கூல் புக்கில் படிச்ச குடவோலை முறைதானே! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ம் ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டின கல்வெட்டு. அதைப் பார்க்க வர்றவங்க நாலு போட்டோ எடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடறாங்க. நீங்க அரை நாள் கூடுதலா ஒதுக்குங்க பாஸ். இங்கே வேடிக்கை பார்க்க இன்னொரு சூப்பர் விஷயம் இருக்கு... கடைகள்!

சிரிக்காதீங்க. ஒரு ஊர் எப்படிச் சம்பாதிக்குது, எப்படிச் சாப்பிடுதுன்னு தெரிஞ்சுக்க கடையை விட நல்ல மியூசியம் கிடையாது. டிக்கெட்டும் கிடையாது!

பொட்டிக்கடை

மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம்னு சுத்துவட்டாரத்தில் எந்த ஊருக்குள் வேணும்னாலும் நுழைஞ்சு பாருங்க. வீட்டுத் திண்ணையையே கடையாக்கி ஒரு அக்கா உட்கார்ந்திருப்பாங்க. முன்னாடி தோரணம் மாதிரி ஷாம்பு சரம், ஊறுகாய் சரம், சீயக்காய் சரம். கண்ணாடி பாட்டிலில் கமர்கட், தேன்மிட்டாய். ஈரச் சாக்குக்கு அடியில் வெற்றிலை. ஓரமா முட்டை அட்டை. கூல்டிரிங்க்ஸ் கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜில் பாதி இடம் இட்லி மாவு பாக்கெட்டுக்கு!

இதில் அரிசி அதிகம் இருக்காது, கவனிச்சீங்களா? காரணம் ரேஷன். தமிழ்நாட்டில் 2011-லிருந்து அரிசி இலவசம். அதனால் குழம்புக்கு என்ன குறையுதோ அதுதான் இங்கே சரக்கு. பத்து ரூபாய்க்கு எண்ணெய், அஞ்சு ரூபாய்க்கு மிளகாய்த்தூள், ஒரு துண்டு புளி. பெரிய பாக்கெட் வாங்கினா லாபம்னு நமக்குக் கணக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். ஆனா அன்னிக்குக் கையில் இருக்கிற காசு அவ்வளவுதான்.

இந்த மனசைப் புரிஞ்சுக்கிட்டவங்க நம்ம ஊர்க்காரங்கதான். ஷாம்புவைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைக்கிற ஐடியாவைப் பரப்பினது கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்புவை ஆரம்பிச்சு அதைப் பட்டிதொட்டி எல்லாம் கொண்டுபோனார்.

சூப்பர் மார்க்கெட்

இப்போ திரும்பவும் உத்திரமேரூர் பஜாருக்கு வாங்க. பளிச்னு லைட், கண்ணாடிக் கதவு, மேலே கேமரா. அதுதாங்க சூப்பர் மார்க்கெட். கதவுக்கு வெளியே பாருங்க, யாரும் கேட்காமலே ரெண்டு ஜோடி செருப்பு கழட்டி வெச்சிருக்கும்!

வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கிற கடையை அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் 1916-ல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கினார். பேர் 'பிக்லி விக்லி'. நூறு வருஷம் தாண்டி அந்த ஐடியா இங்கே வந்தப்போ, ஊருக்கு ஏத்த மாதிரி அதை மாத்திக்கிட்டாங்க. ஒரு ஆயா கூடையே எடுக்காம கவுன்ட்டர்கிட்ட நின்னு, "துவரம்பருப்பு அரைக் கிலோ, கடுகு நூறு" என்று பட்டியல் சொல்றாங்க. வேலை பார்க்கிற பொண்ணு ஓடி ஓடி எடுத்து வர்றா. பக்கத்திலேயே அவங்க பேத்தி, ஃபேஸ்வாஷ் ரேக் முன்னாடி ஒவ்வொண்ணா எடுத்து, திருப்பி, விலை படிக்கிறா. ஒரே குடும்பத்தில் ரெண்டு தலைமுறை ஷாப்பிங்!

அரிசி மூட்டையில் எடையைப் படிச்சுப் பாருங்க. 26 கிலோன்னு போட்டிருந்தா ஆச்சர்யப்படாதீங்க. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வந்துச்சு. உடனே மூட்டைக்கு ஒரு கிலோ கூடிப்போச்சு. டெல்லியில் போட்ட வரி உத்திரமேரூரில் மூட்டையைக் கொழுக்க வெச்ச கதை இது!

நிஜமான போட்டி

சரி, யார் ஜெயிக்கிறாங்க? விலையை மட்டும் வெச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. சம்பளம் எப்போ வருதுங்கிறதுதான் விஷயம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு பஸ் ஏறிப்போற பசங்களுக்கு மாசச் சம்பளம். முதல் வாரம் சூப்பர் மார்க்கெட்டில் மொத்தமா வாங்கிப் போட்டுடலாம். களை எடுக்கிறவங்களுக்கும், கட்டட வேலைக்குப் போறவங்களுக்கும் அன்னன்னிக்குக் கூலி. நாலு நாள் மழை பெய்தா அதுவும் இல்லை. நூறு நாள் வேலைக் கூலி பேங்க்கில் ஏற வாரக்கணக்கில் ஆன சமயங்களில், அடுப்பு எரிஞ்சது பொட்டிக்கடை நோட்டால்தான். "யக்கா, அம்மா எழுதிக்கச் சொல்லிச்சு"ன்னு ஒரு பொடியன் வந்து நின்னா, எண்ணெய் கிடைக்கும். எந்த பார்கோடு மெஷினிலும் இந்த பட்டன் கிடையாது.

சிக்கல் இங்கேதான். மகனுக்கு கம்பெனி வேலை கிடைச்சதும், வீட்டு ரொக்கம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகுது. மாசக் கடைசியில் கை காய்ஞ்சதும், கடன் மட்டும் பொட்டிக்கடைக்கு வருது. கடைக்கார அக்காவுக்கோ லைன் வண்டியில் சரக்கு போடுறவர் அடுத்த வாரமே பணம் கேட்பார். க்யூ.ஆர். கோடு அட்டை தொங்குது, ஸ்பீக்கர் 'பணம் வந்தது'ன்னு சொல்லக் காத்திருக்கு. ஆனா நோட்டுப் பக்கம்தான் நிறையுது. இப்படி ஒரு கடை மூடினா, ஊரில் ஒரு கடை குறையும்னு மட்டும் நினைக்காதீங்க. ஜாமீன், கையெழுத்து எதுவும் கேட்காம கடன் கொடுத்த ஒரு இடமும் சேர்ந்து மூடுது.

கல்வெட்டு சொல்றது

இப்போ கோயில் சுவருக்கு வாங்க. சபை வாரியத்தில் இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவர் சொந்தக்காரங்களும் மறுபடி தேர்வாக முடியாதுன்னு அதில் விதி இருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே கணக்கு விஷயத்தில் கறாரா இருந்த ஊர்!

அந்தக் கறாரை இப்போ நாம காட்டலாம். உங்க ஊர் பொட்டிக்கடையிலும் உங்க வீட்டுப் பேரில் ஒரு பக்கம் இருக்கலாம். நாளைக்கு கேம்பஸில் வேலை கிடைச்சு, முதல் சம்பளம் வாங்கி, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைத் தள்றதுக்கு முன்னாடி, அந்தப் பக்கத்தை அடிச்சுட்டு வந்துடுங்க. அப்படியே ஒரு கமர்கட்டும் வாங்கிக்குங்க... ரொக்கத்துக்கு!