பூட்டில்லாத கத்தி

என்னிடம் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. 1984-லிருந்து இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய பொறியாளர் ஒருவர் எங்களுக்கு ஆளுக்கொரு சாமான் கொடுத்தார். மற்றவர்களுக்குப் பேனாவும் சாவிக்கொத்தும் கிடைத்தன. நாள் முழுக்கப் பென்சில் சீவுகிறவன் என்பதால் எனக்குக் கத்தி.

முதலில் ஏமாற்றம்தான். ஜப்பான் சாமான் என்றால் ஒரு பளபளப்பை, எங்காவது ஒரு பொத்தானை எதிர்பார்க்கிற மனசு. இதுவோ மிச்சம் கிடந்த தகட்டில் யாரோ மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு பித்தளைத் தகட்டை நீளவாட்டில் மடித்திருக்கிறார்கள், அதுதான் கைப்பிடி. அதன்மேல் மூன்று எழுத்துகள் குத்தியிருக்கின்றன. மடிப்புக்குள் அலகு. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரே ஓர் ஆணி. வில் கிடையாது, திருகு கிடையாது, பூட்டு கிடையாது. அலகின் அடியிலிருந்து ஒரு சின்ன வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு சுழன்று வெளியே வரும். முழுக்கத் திறந்ததும் அந்த வால் கைப்பிடியின் முதுகில் வந்து படியும். கட்டைவிரல் அதன்மேல் இருக்கிறவரை கத்தி திறந்திருக்கும்.

வெட்டும்போது ஒன்றும் ஆகாது. பொருள் அலகை மேலே தள்ளத் தள்ள, வால் கைப்பிடியின்மேல் இன்னும் இறுக்கமாகப் படிகிறது. எதிலாவது குத்தும்போதும், சிக்கிக்கொண்ட அலகைப் பிடுங்கும்போதும்தான் அது மடங்கப் பார்க்கும். அப்போது அதைத் தடுப்பது கட்டைவிரல் ஒன்றுதான். பூட்டு கத்தியில் இல்லை. வைத்திருக்கிறவன் கையில் இருக்கிறது.

இதன் பெயர் ஹிகோ நோ காமி. ஹிகோ நாட்டு அதிபதி என்று பொருள். கோபேக்கு அருகில் உள்ள மிகி என்ற ஊரில் 1890-களில் பிறந்தது. 1876-ல் ஜப்பானிய அரசாங்கம் இடுப்பில் வாள் செருகிக்கொண்டு நடப்பதைத் தடை செய்த பிறகு, கொல்லர்கள் வீட்டுக்கும் தொழிலுக்கும் வேண்டிய சாமான்களுக்குத் திரும்பிய காலம் அது. ராஜாங்கப் பட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு இந்தக் கத்தி போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கூடப் பையன்களின் சட்டைப் பை. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் இதனால் பென்சில் சீவியிருக்கிறார்கள். 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் தலைவர் இனெஜிரோ அசனுமாவை மேடையிலேயே ஒரு பதினேழு வயதுப் பையன் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது குட்டை வாள். மடக்குக் கத்தி அல்ல. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவி, மிகியின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமையோடு ஒரே ஒரு பட்டறை மிஞ்சியிருக்கிறது.

சொந்தக்காரன் என்ற முறையில் சொல்ல வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். அலகு துருப்பிடிக்கிற எஃகு. நம் ஊர் ஐப்பசி மழைக்கு ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் செம்புள்ளி விழுந்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். மாங்காய் நறுக்கினால் அலகு கறுக்கும், மாங்காயும் கொஞ்சம் கறுக்கும். வருஷக்கணக்கில் கறுத்துக் கறுத்து இப்போது மழைமேகத்தின் நிறத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு துரு அவ்வளவாக அண்டவில்லை. பித்தளையின் வாசனை கையில் ஒட்டிக்கொள்ளும். ஆணி தளர்ந்தால் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். அதிகம் தட்டினால் திறக்காது. பென்சில் சீவ இதற்கு இணை நான் பார்க்கவில்லை.

நூதனமான அமைப்பு என்று நான் இதைப் பலரிடம் காட்டியிருக்கிறேன். ஒரு நாள் பூந்தமல்லியில் சலூன் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவர் கையில் இருந்த சவரக்கத்தியிலும் வில் இல்லை, பூட்டு இல்லை. ஓர் ஆணி, மடங்குகிற கைப்பிடி, அடியில் நீண்ட ஒரு வால். வாலைச் சுற்றி விரல்கள் உட்காருகிற விதத்தில்தான் எல்லாம் நிற்கிறது. மீசை முளைத்த நாளிலிருந்து கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த சாமான். ஜப்பானிலிருந்து வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. நம் வாசிப்பும் பெரும்பாலும் இப்படித்தான் என்று தோன்றியது. (இப்போது அதுவும் போய்விட்டது. பாதி பிளேடு செருகுகிற கைப்பிடிதான் எல்லா இடத்திலும்.)

மற்றக் கத்திகளோடு ஒப்பிட்டால் இதன் குணம் தெரியும். உத்தரப்பிரதேசத்து ராம்பூர் கத்தி பல் பல்லாகச் சத்தம் போட்டுக்கொண்டு திறக்கும். அந்தச் சத்தம் எதிரில் நிற்கிறவனுக்காக. அதை இந்தி சினிமா ஊரெல்லாம் கேட்க வைத்தது. கார்ல் எல்ஸனர் 1897-ல் பதிவு செய்த சுவிஸ் அதிகாரிக் கத்தி நம் தேவைகளையெல்லாம் நமக்கு முன்பே யோசித்து வைத்திருக்கும்; நமக்குத் தேவையே வராத விஷயங்களையும் சேர்த்து. ஹிகோ நோ காமி எதையும் யோசிப்பதில்லை. பாதியில் நிற்கிறது. மீதியைக் கை முடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு அந்த நாட்களில் அளவு கடந்த பிரியம். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கவிதை பேசுவோம். உருவமா உள்ளடக்கமா என்ற சண்டை ஓயாத காலம். ஒரு கூட்டத்தில் இந்தக் கத்தியை மேஜைமேல் வைத்துப் பேசினேன். கவிதையும் இப்படித்தான், பூட்டைக் கவிஞன் செய்து தரக்கூடாது, வாசகன் கட்டைவிரல் வைக்கிற இடத்தில்தான் அது கவிதை ஆகிறது, ஒரு துணுக்கு கூடச் சேர்த்தாலும் உருவம் கெட்டுப்போகும் என்றேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்களுக்குப் பக்கத்து ஷெட் ஒரு பிரஸ் ஷாப். அங்கே டை செட்டராக இருந்தவர் எனக்குப் பழக்கம். ஆவடியிலிருந்து அவரும் திருமுல்லைவாயிலிலிருந்து நானும் ஒரே மின்சார ரயிலில் வருவோம். படிப்பு எட்டாம் வகுப்பு. என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே எங்கே அளவு இடிக்கிறது என்று சொல்லிவிடுவார். 1987-ல் பவர் பிரஸ்ஸில் அவருடைய வலது கட்டைவிரல் அடியோடு போயிற்று. அந்த பிரஸ் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. உற்பத்தி எண்ணிக்கைக்காக ஒரு பொத்தானை அமுக்கியபடியே டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். அங்கே பூட்டு இருந்தது. அதைத் திறந்து வைத்திருந்தார்கள்.

அவருக்கு மனு எழுதிக்கொடுக்கப் போனபோதுதான் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தேன். எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போயிற்று என்று கணக்கிட்டு வைத்திருந்தார்கள். ஆட்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் தலைக்கு 7. கட்டைவிரல் 30. கட்டைவிரலைப் பற்றி நான் பேசியதையெல்லாம்விடச் சுருக்கமாக, அதிக விவரத்தோடு அந்த அட்டவணை பேசியது. ஏகலைவனை இங்கே இழுக்க வேண்டாம். அவனுக்கு யார் கேட்கிறார்கள் என்றாவது தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்திருந்தார். தோட்டத்து ரப்பர்க் குழாயில் வரிசையாகத் துளை போட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விட ஏதோ செய்துகொண்டிருந்தேன். "நீங்க விடுங்க சார்" என்று என் கையிலிருந்து கத்தியை வாங்கினார். நான் கொடுத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். கத்தியைப் பற்றி அத்தனை பேசியவனுக்குத் தோன்றவில்லை. நாலு விரலால் கைப்பிடியைப் பிடித்துக் குழாயில் குத்தினார். இறங்கியது. பிடுங்கியபோது அலகு மடங்கி மோதிர விரலில் இறங்கியது.

பெரிய காயம் இல்லை. குழாயடியில் விரலைக் கழுவித் துணி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கத்தியை எடுத்து இடது கையில் வைத்துத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். கோபமே இல்லை. டை ஒன்று சரியாக உட்காராவிட்டால் பார்க்கிற பார்வை.

"சார், ரெண்டு சைடுலயும் மெல்லிசா ஒரு ஸ்லாட் போட்டு, 'ப' மாதிரி ஒரு தகட்ட மடிச்சு விட்டா முதுகு மேல முன்னும் பின்னும் ஓடும். வால் படிஞ்சதும் அதுமேல தள்ளி விட்டுட்டா மடங்காது. அரை மணி நேர வேலை. எடுத்துட்டுப் போறேன், நாளைக்கு ரயில்ல தர்றேன்."

நான் வேண்டாம் என்றேன். அது அப்படியே இருக்கட்டும், அதனுடைய அமைப்பே அதுதான் என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி சார்" என்று கத்தியை மடித்துத் திண்ணைமேல் வைத்தார். பிறகு காபி சாப்பிட்டுவிட்டு, துளை போட ஓர் ஆணியைச் சுட்டு எடுத்துக்கொண்டு மிச்ச வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தியைப் பற்றி நான் அறிந்தது ரொம்பப் பிந்தி. ஸவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கியது. அதிலும் ஆரம்பத்தில் பூட்டு இல்லை. மரக் கைப்பிடி, அலகு, ஆணி. 1955-ல் மார்ஸெல் ஒப்பினெல் கழுத்தில் ஒரு வளையம் சேர்த்தார். திருகினால் அலகு மடங்காது. இன்று அந்த வளையம் இல்லாமல் ஒப்பினெல்லை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அறுபத்தைந்து வருஷம் வளையம் இல்லாமல் இருந்த உருவம் அது. வளையம் வந்ததால் கெட்டுப்போகவில்லை. வளையம்தான் இப்போது உருவம். திருமுல்லைவாயில் திண்ணையில் அரை மணி நேர வேலை என்று ஒருவர் சொன்னதும் அந்த வளையத்தைத்தான். அவர் ஒப்பினெல்லைக் கேள்விப்பட்டதில்லை. விரல்தான் போயிருந்தது.

வாசகன் கை முடித்துக்கொள்ளும் என்று சொன்னபோது நான் மனசில் வைத்திருந்தது என் கையைத்தான். ஐந்து விரலும் இருக்கிற, பென்சில் பிடித்தே பழகிய, பிரஸ்ஸுக்குள் போக வேண்டிய அவசியம் இல்லாத கை. பாதியில் நிறுத்துவது நேர்த்தி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மீதிப் பாதியை யாரிடம் கேட்கிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் நிறுத்துவதற்கு நேர்த்தி என்று பெயர் வைத்தது நான்தான், கத்தி அல்ல. அன்றைக்கு நான் காப்பாற்றியதாக நினைத்தது மிகி ஊர்க் கொல்லர்களின் உருவத்தை. அவர்கள் கண்ட உருவத்தில் ஒரு பையனின் கை இருந்தது. என் திண்ணையில் இருந்த கையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ரயிலில், பட்டரவாக்கம் தாண்டும்போது, அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒடிந்த பவர் ஹாக்ஸா பிளேடைத் தேய்த்து அலகு செய்திருந்தார். கைப்பிடி ஏதோ பழைய தகடு. ஓரங்களில் அரம் போட்ட தடம் அப்படியே இருந்தது. பார்க்க அழகில்லை. கனமாக இருந்தது. நான் அதைத் திறக்கப் பார்த்தேன். கட்டைவிரலை வழக்கமான இடத்தில் வைத்து அழுத்தினேன். அங்கே எதுவும் இல்லை. புரட்டி மறுபக்கம் அழுத்தினேன். ஒன்றும் அசையவில்லை.

"அங்க இல்ல சார்" என்றார். என் ஆட்காட்டி விரலைப் பிடித்து, பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன மேட்டின்மேல் வைத்தார். "இதத் தள்ளுங்க."

தள்ளினேன். திறந்தது. கட்டைவிரல் எதற்கும் தேவைப்படவில்லை. அது சும்மா நின்றுகொண்டிருந்தது.