கம்பிலானும் போலோவும்

1521 ஏப்ரல் 27. பிலிப்பைன்ஸில் செபுவை ஒட்டியுள்ள மக்தான் தீவின் கரை. மேற்கு வழியாக வாசனைத் தீவுகளைத் தேடிக் கிளம்பிய மெகல்லன், தண்ணீரில் நின்றபடியே சண்டை போட்டு அங்கேயே செத்துப் போனார். கூடப் போயிருந்த பிகஃபெட்டா என்ற இத்தாலியர், ஒரு பெரிய வாள் மெகல்லனின் இடது காலை வெட்டியது, அவர் குப்புற விழுந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். வாளின் பெயரை எழுதவில்லை. அது கம்பிலான்தான் என்று பிலிப்பைன்ஸில் பலரும் அடித்துச் சொல்வார்கள்!

கம்பிலான் பார்க்கவே மிரட்டலாக இருக்கும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், ஒரு பக்கம் மட்டும் கூர். பிடியருகே ஒடுங்கி, நுனியை நோக்கிப் போகப் போக அகலமாகும். பிடியின் முடிவு ஏதோ மிருகம் வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். தெற்கே மோரோ முஸ்லிம்களிடம் காலிஸ் என்று இன்னொன்று. ஜாவாவின் கிரிஸ் குத்துவதற்கு. அதன் உறவான காலிஸ் குத்தவும் வெட்டவும். சூலு தீவுகளின் தௌசுக் மக்களுக்கு இலை வடிவ பாரோங். இப்படி வந்தவர்களைத்தான் .38 ரிவால்வர் தடுக்கவில்லை என்று அமெரிக்க ராணுவம் புலம்பி, .45 குண்டுக்கு மாறியது. அந்த 1911 பிஸ்டல் பிறந்ததே மோரோக்களால்தான் என்று ஒரு கதை உலவுகிறது. அது கொஞ்சம் ஓவர், வேறு காரணங்களும் உண்டு.

ஆனால் சரித்திரத்தில் அதிகம் ரத்தம் பார்த்தது இந்த அழகான வாள்கள் இல்லை. தேங்காய் வெட்டவும் மூங்கில் பிளக்கவும் விவசாயி இடுப்பில் செருகிக்கொள்ளும் போலோ!

1896ல் ஸ்பெயினை எதிர்த்துக் கிளம்பிய கத்திபூனான் இயக்கத்திடம் துப்பாக்கிகள் சொற்பம். போலோதான் கை கொடுத்தது. 1901 செப்டம்பர் 28, சமார் தீவின் பலாங்கிகா ஊர். அமெரிக்கப் படையினர் அதற்கு முன் ஊர் ஆண்களைப் பிடித்து வேலை வாங்கியிருந்தார்கள், போலோக்களையும் பறித்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டு நேரம், மாதா கோவில் மணி அடித்தது. ஊரே போலோவோடு பாய்ந்தது. 74 பேரில் 48 பேர் செத்தார்கள்.

பழிவாங்க வந்த ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் தூக்கக்கூடிய எவரையும் கொல்லச் சொன்னார். வயது வரம்பு கேட்டதற்குப் பத்து என்றாராம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்... பத்து வயதுப் பையனும் போலோவோடு தோப்புக்குப் போகிற ஊரில் ஆயுதம் தூக்கக்கூடியவர் என்றால் யார்தான் இல்லை? 1902ல் ஸ்மித்தை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கிடைத்தது கண்டிப்பும் ஓய்வும், அவ்வளவே.

கோவில் மணிகள் மூன்றையும் அமெரிக்கர்கள் வெற்றிச் சின்னமாக எடுத்துப் போனார்கள். 2018 டிசம்பரில்தான் அவை பலாங்கிகா திரும்பின. போலோ அடிக்கிற கொல்லர்கள் இப்போது பழைய வண்டிகளின் ஸ்பிரிங் பட்டையை வாங்கிக் காய்ச்சி அடிக்கிறார்கள். தேங்காய் வெட்ட அது போதும்.