மேல்மண்

மண்வேலை வரைபடத்தின் முதல் குறிப்பு எப்போதும் ஒன்றுதான்: 'மேல்மண் 150 மில்லிமீட்டர் அகற்றப்பட வேண்டும்.' உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துக் கட்டுமானப் பொறியாளராகிய இந்த ஐந்து வருடத்தில் அதை எத்தனை முறை தட்டச்சு செய்தேனோ. எங்கள் கணக்கில் மேல்மண் பாரம் தாங்காது. வேர், சருகு, புழு. லாரியில் ஏற்றிவிட வேண்டியது.

போன வருடம் அலுவலக நண்பர்களோடு கினாபாலு மலை ஏறினேன். திம்போஹோன் வாசலைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் முன்னால் போன வழிகாட்டி கையை நீட்டித் தடுத்தார். பாதையோரப் பாசியில் ஒரு மண்புழு. ஏறக்குறைய என் கை நீளம். சாம்பலும் நீலமும் கலந்த உடம்பு ஈரத்தில் மினுமினுத்தது. 70 சென்டிமீட்டர் வரை வளருமாம். இதை முழுசாக விழுங்கும் சிவப்பு அட்டை ஒன்றும் இந்த மலையில் உண்டு. அது ரத்தம் குடிக்காது, புழுதான் அதற்குச் சாப்பாடு.

"இந்த மலைக்குச் சொந்தக்காரன்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார் வழிகாட்டி.

இறங்கி வந்ததும் தேடிப் படித்தேன். அறிவியல் பெயர் பெரெடிமா டார்ன்லேயென்சிஸ். டார்ன்லி, ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னத் தீவு. அங்கே கிடைத்த புழுவை வைத்து 1886இல் ஃபிளெட்சர் என்பவர் வைத்த பெயர். இந்த இனம் கினாபாலுவோடு நிற்கவில்லை, தீவுக்கூட்டம் நெடுகப் பரவியிருக்கிறது. மலையின் சொந்தக்காரனுக்குப் பெயரில் இருப்பது வேறு ஊர்.

அப்போதுதான் பாட்டி வீட்டுப் புழு ஞாபகத்துக்கு வந்தது. பள்ளி விடுமுறையில் தோட்டத்துக்குப் போனால், லயத்துக்குப் பின்னால் குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தைக் கொத்தி, பால்டின்னில் புழு சேர்த்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவோம். அதைவிட உள்ளூர்க்காரன் வேறு யாரும் இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். இங்குள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் அதிகம் கிடைப்பது போன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ். பூர்வீகம் தென் அமெரிக்கா. செடிகளின் வேர்மண்ணோடு உலகம் சுற்றியது. துணை இல்லாமலே முட்டையிட்டுப் பெருகும். காடு அழிந்த இடம் அதற்கு வசதி. காட்டுப் புழுக்களுக்கு அந்த இடம் ஒத்துவராது.

ரப்பர் மரமும் அந்தக் கண்டம்தான். 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். பிறகு மரத்தைச் சீவ எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

பல்கலைக்கழக விடுதியில் ஒருவன், "நீங்க எல்லாம் வந்தவங்கதானே" என்று விளையாட்டாகச் சொன்னான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது. இந்தப் புழுவை வைத்து அவனிடம் வாதாடவும் முடியாது. காடு போன இடத்தில்தான் அது பெருகியது என்பது உண்மை. ஆனால் காட்டை வெட்டியது புழு இல்லை.

போன மாதம் சிலாங்கூரில் ஒரு வேலை. பழைய தோட்டம், வீடுகள் வரப்போகின்றன. லயம் பாதி இடிந்து கிடந்தது. கோயில் இருந்த இடத்தில் ஒரு வேப்பமரம் மட்டும். இயந்திரம் வழித்துப் போட்ட மண்ணில் ஒரு புழு நெளிந்தது. கைப்பேசிக் கேமராவைக் கிட்டே வைத்து வாலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரிகை மாதிரி முட்கள். அவனேதான்.

சாயங்காலம் பாட்டி கூப்பிட்டார்.

"இப்ப எங்கய்யா வேல?"

"கிள்ளான் பக்கம், பாட்டி."

"தோட்டமா?"

"இல்ல பாட்டி, காலி நெலம்."

மறுநாள் வரைபடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'மேல்மண்ணை வெளியே கொட்டாமல் குவித்துவைத்து, புல்வெளிக்குப் பயன்படுத்தவும்.' வழக்கத்தில் உள்ள முறைதான். மேலதிகாரி படித்துவிட்டு, "ரெண்டு தடவ அள்ளணும், செலவு யாரு கட்டுவா?" என்று கேட்டார். விளையாட்டு மைதானத்துக்கு மட்டும் என்று பேசி ஒரு மூலை கிடைத்தது. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு குவியல் நிற்கிறது. மீதி எல்லாம் லாரியில் போய்விட்டது.

பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.