நாலு எம்.பி. வாய்த்த குடும்பம்

பெரியக்கா அறந்தாங்கியில், சின்னக்கா விராலிமலையில், மாமா ஆலங்குடியில், நாங்கள் புதுக்கோட்டை டவுனில். ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர். ஆனால் 2009இல் பெரியக்கா ராமநாதபுரத்துக்கும், சின்னக்கா கரூருக்கும், மாமா சிவகங்கைக்கும், நாங்கள் திருச்சிக்கும் ஓட்டுப் போட்டோம். காதுகுத்துப் பந்தியில் தேர்தல் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு வேட்பாளர் பேர் சொல்வார்கள். சண்டைகூட உருப்படியாக வராது.

தாத்தா புதுக்கோட்டை சமஸ்தானத்து மனுஷர். வெற்றிலைப் பெட்டிக்குள் சமஸ்தானத்தின் அம்மன் காசு ஒன்று கிடக்கும். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் எங்களைத் திருச்சி ஜில்லாவில் சேர்த்தார்கள். தனி மாவட்டமானது 1974இல்தான். ஆனால் முதல் பொதுத்தேர்தலிலேயே புதுக்கோட்டைக்கென்று மக்களவைத் தொகுதி உண்டு. வல்லத்தரசு ஜெயித்தார். 1962இலும் 1967இலும் கம்யூனிஸ்ட் உமாநாத். தாத்தா பழுத்த காங்கிரஸ்காரர். இருந்தாலும் மனு எழுத வேண்டுமென்றால் உமாநாத்துக்குத்தான் எழுதுவார்.

அந்த 1967தான் மாநிலத்தின் 41 இடங்கள் 39 ஆன வருஷமும். தென்காசித் தொகுதி பற்றிய வழக்கில் 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் இதைக் கிளறினார்கள்: மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு இரண்டு எம்.பி.க்களைப் பறிப்பதா, 5,600 கோடி ரூபாய் இழப்பீடு ஏன் தரக்கூடாது என்று. 1999இல் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது ஒற்றை ஓட்டில். இரண்டு என்பது சின்ன எண்ணிக்கை இல்லை.

ஆனால் எங்கள் வயிற்றெரிச்சல் வேறு. 234 சட்டமன்றத் தொகுதிகளை 39ஆல் வகுத்தால் ஆறு. எங்கள் மாவட்டத்தில் இருப்பதும் சரியாக ஆறு. சுளையாக ஓர் எம்.பி. வந்திருக்க வேண்டும். குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையத்தின் கணக்கில், 2008இல், கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு என்று பந்தி பிரித்து, புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியையே கலைத்தாகிவிட்டது. நிர்வாக எல்லையையும் மக்களின் வசதியையும் பார்க்கச் சொல்கிறது சட்டம். அதே சட்டம், ஆணையத்தின் உத்தரவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகவும் முடியாது என்கிறது. தலைக்கணக்கு சமமாக வந்திருக்கலாம். ஆனால் நாலு தொகுதிகளின் ஓரத்தில் கிடக்கிற ஊருக்கு எந்த எம்.பி. பயப்படுவார்?

2009 தேர்தலில் தொகுதி போன கோபத்தில் 49-ஓ போடச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. நோட்டா பொத்தானெல்லாம் அப்போது இல்லை. விரலில் மை வைத்தபின், யாருக்கும் ஓட்டில்லை என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் அவர் குறித்துக்கொள்ள, கையெழுத்துப் போட வேண்டும். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ரகசிய ஓட்டு ஊர் ஓட்டாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது மறுபடியும் மறுவரையறைப் பேச்சு. 39 கூடுமா, தேயுமா, வடக்கே எத்தனை ஏறும் என்று டி.வி.யில் விடிய விடிய விவாதம். கோடு எங்கே விழும் என்று ஒருத்தரும் வாய் திறக்கக் காணோம். சின்னத்தான் மட்டும் ஆறு தொகுதிகளின் பேரையும் வரிசையாக எழுதி, அடுத்த ஆணையத்துக்கு ஒரு மனு டைப் அடித்து வைத்திருக்கிறார்.