லெபோத் அம்மாள் போட்ட கணக்கு

சில கணக்குகளுக்குச் சூத்திரம் கிடையாது. இப்போது எங்கே இருக்கிறோம், எந்த வேகத்தில் மாறுகிறோம் என்பது மட்டும்தான் தெரியும். அதை வைத்து ஒரு எட்டு வைக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் வேகத்தை மறுபடி கணக்கிட்டு அடுத்த எட்டு.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள். காபி 80 டிகிரி, அறை 30 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு வீதம் நிமிடத்துக்குச் சூடு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடம் 75, அடுத்து 70.5, அப்புறம் 66.45. இப்படியே போனால் பத்தாவது நிமிடம் 47.4. சரியான விடை 48.4. (காபிக்குச் சூத்திரம் உண்டு, அதனால் தெரிகிறது.) அரை நிமிட எட்டாக வைத்தால் 47.9 வரும். பிழை பாதியாகும், வேலை இரட்டிப்பாகும். ஆய்லர் 1768-ல் தன் புத்தகத்தில் எழுதிய முறை இது. ரூங்கேயும் குட்டாவும் பின்னால் செம்மைப்படுத்தினார்கள். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர்களைக் கேட்டால் இன்றைக்கும் விரல் வலிக்கும்.

ஆய்லர் புத்தகத்துக்குப் பத்து வருஷம் முன்பே, பாரிஸில் இதைவிடப் பெரிய காரியம் நடந்தது. 1682-ல் வந்த வால்நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பும் என்று ஹாலி சொல்லிவிட்டு 1742-ல் காலமானார். ஆனால் வழியில் வியாழனும் சனியும் அதை இழுக்கும். எத்தனை நாள் தாமதமாகும்? கிளேரோ என்ற கணித மேதை வழிமுறையை வகுத்தார். எண்களோடு மல்லுக்கட்டியவர்கள் லலாந்த் என்ற இளம் வானியலாளரும், அரண்மனைக் கடிகாரக்காரரின் மனைவி நிகோல் ரென் லெபோத்தும். 150 வருஷப் பாதையை டிகிரி டிகிரியாக நடந்தார்கள். ஆறு மாதம், காலையிலிருந்து இரவு வரை, சில நாள் சாப்பாட்டு மேஜையிலும்கூட.

நான் பொதுப்பணித் துறையில் இருந்தபோது, ஏரிக்கு வரும் வெள்ளம் கலிங்கு வழியாக எப்படி வடியும் என்று மணிக்கணக்கில் அட்டவணை போட்டிருக்கிறேன். ஆறாவது வரியில் ஒரு இலக்கம் பிசகினால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் குப்பை. இரண்டு நாள் கணக்குக்கே கண் பூத்துப்போகும்.

1758 நவம்பரில் முடிவை அறிவித்தார்கள். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள், ஆக 618 நாள் தாமதம். 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் இருக்கலாம். வால்நட்சத்திரம் மார்ச் 13-ல் நெருங்கியது. யுரேனஸ், நெப்டியூன் இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது!

1760-ல் கிளேரோ வெளியிட்ட புத்தகத்தில் அந்த அம்மாளின் பெயர் இல்லை. காரணம் எதுவாக இருந்தாலும் அது அநியாயம் என்பேன். அவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கத் துணிந்திருக்க மாட்டோம் என்று பிற்பாடு எழுதி வைத்தவர் லலாந்த்தான்.

1910 வருகைக்கு கோவெல், குரோமெலின் இருவரும் எட்டு எட்டாகவே கணக்குப் போட்டார்கள். எல்லாப் பெரிய கிரகங்களையும் சேர்த்தும் மூன்று நாள் இடித்தது. எட்டை எவ்வளவு சிறிதாக்கினாலும் அந்த மூன்று நாள் போயிருக்காது. 1950-ல் விப்பிள் விளக்கினார்: வால்நட்சத்திரம் அழுக்குப் பனிக்கட்டி, வெயில் பட்டதும் அதிலிருந்து பீறிடும் ஆவி அதையே கொஞ்சம் தள்ளிவிடுகிறது. இப்போது அந்தத் தள்ளலையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.